ரெண்டு கப் ரவை

அந்த ஆன்ட்டியிடம் கேக் செய்முறை கேட்டு, இல்லை என்று திரும்பியவர் எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருவர்கூடக் கிடையாது. அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. "சொல்லமாட்டேன் போ" என்று கதவைச் சாத்தியிருந்தால், கொஞ்சம் கஞ்சத்தனம் பிடித்தவர் என்று விட்டிருப்பேன்.

எங்கள் தாமான் செமிலிங் பக்கத்தில் இருக்கிறது. ரப்பர் தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்தபோது வெளியேறிய குடும்பங்கள் வாங்கிய மலிவு விலை வீடுகள். வரிசையின் முனைவீடு ஆன்ட்டியுடையது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் ஜித்ராவில் வேலை. எங்களைப் போல அவரும் கத்தோலிக்கர்தான், ஆனால் அவருடைய சுகி கேக்குக்கு மதம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கும் தீபாவளிக்கும் ஆர்டர் குவியும். ரவையை வெண்ணெயில் ஊறவைத்து, பாதாம் தூளும் முட்டை மஞ்சள்கருவும் தாராளமாகப் போட்டுச் செய்கிற கேக் அது. அவர் செய்ததை வாயில் வைத்தால் ஈரமாக உடையும். அந்த ருசியை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

வெட்டிய முதல் துண்டை அவரே ஊட்டிவிடுவார். தட்டோடு கொடுக்கமாட்டார். "ஆ காட்டும்மா" என்பார். எதிரில் நிற்பது பத்து வயதுப் பிள்ளையா, பேரன் எடுத்த மனுஷியா என்றெல்லாம் பார்க்கமாட்டார். விரல் நம் பல்லில் இடிக்கும். மோதிரத்தின் இடுக்கில் காய்ந்த மாவு அப்பியிருக்கும். நாம் மென்று விழுங்கும்வரை முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். பிறகு, "எப்படி?" என்பார். ஒரே ஒரு பதில்தான் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. கை பழகிவிட்டது.

செய்முறை சொல்லித்தருவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. கேட்டவளைச் சமையல் மேசையில் உட்கார வைப்பார். கன்னத்தைத் தடவுவார். "எங்க மாமியார் எல்லாம் கிராம்லதான் சொன்னாங்க. உன்கிட்ட திம்பாங் இருக்கா? இல்லையில்ல. அதெல்லாம் எதுக்குலா, வீண். நான் உனக்கு கப்புல மாத்தித் தரேன்." தராசுக்கு அவர் சொல்லும் பெயர் திம்பாங். கண்ணை மூடி, விரல்விட்டுக் கணக்குப் பார்ப்பதுபோல உதட்டை அசைப்பார். "இருநூத்தம்பது கிராம் ரவைன்னா, ரெண்டு கப்பு. நூறு கிராம் பாதாம்னா, அரை கப்பு. வெண்ணெய் இருநூத்தம்பது, அது முக்கால் கப்பு. எழுதிக்கோ."

நாங்கள் பக்தியோடு எழுதிக்கொள்வோம். கிராம் என்பது கனம், கப் என்பது கொள்ளளவு, ஒரே கப்பில் ரவையை நிரப்பினால் ஒரு எடை, பாதாம் தூளை நிரப்பினால் இன்னொரு எடை என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. ஒருத்தி சமையலறையில் முப்பது வருஷம் நின்று சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்றுதான் எந்தப் பெண்ணும் நினைப்பாள்.

கேக் யாருக்கும் சரியாக வந்ததில்லை. மணல் மாதிரி உதிரும், இல்லாவிட்டால் நடுவில் பிளந்துகொள்ளும். ஆன்ட்டியிடம் எடுத்துப் போனால் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைப்பார். முகத்தில் அப்படி ஒரு கனிவு வரும்! "சொன்னது சொன்ன மாதிரிதான் போட்டியா? ம்... அப்ப கையிலதான் இருக்கு. பக்குவம்னு ஒண்ணு இருக்கும்மா. அது ஆண்டவர் குடுக்கிறது. நீ கவலைப்படாதே, உனக்கு வேற ஏதாச்சும் வெச்சிருப்பார்."

அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டி வந்தவர்களில் நானும் ஒருத்தி. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்குச் சொன்ன அளவு வேறு. அவளுக்கு ரவை ரெண்டேகால் கப். நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள் பேச்சுவாக்கில் ஒப்பிட்டுப் பார்த்துக் கேட்டபோது ஆன்ட்டி சிரித்தார். "செல்வி வாங்குறது பெரிய முட்டைலா. அதுக்குத் தகுந்த மாதிரி ரவை ஏறும்." அதற்கும் தலையாட்டினோம்.

மருமகளையும் விட்டுவைக்கவில்லை. ஜித்ராவில் பள்ளி ஆசிரியை அந்தப் பெண். கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு மாமியார் சொல்லிக்கொடுத்தபடி சுகி கேக் செய்து, வந்தவர்களுக்குப் பரிமாறினாள். நானும் போயிருந்தேன். வாயில் போட்டதும் எல்லோர் தாடையும் ஒரு நொடி நின்றது. கடலோரத்தில் விழுந்து மணலைத் தின்ற மாதிரி இருந்தது. ஆன்ட்டி சட்டென்று எழுந்து, உள்ளே தயாராக இருந்த தம்முடைய கேக்கைக் கொண்டுவந்து வைத்தார். "பாவம், படிச்ச பொண்ணு. புத்தகம் பிடிச்ச கை" என்று மருமகளின் தலையைக் கோதினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், மாமியார் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றைக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை. தயாராக இன்னொரு கேக் ஏன் இருந்தது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகு என் தங்கை ரீத்தாவின் விஷயம் நடந்தது.

ரீத்தாவின் கணவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்திருந்தார். அவள் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது அவள் பெயரும் போய்விட்டது. இரண்டு பிள்ளைகள். வீட்டிலேயே கேக் செய்து விற்கலாம் என்று ஒரு பழைய ஓவனை வாங்கிப் போட்டாள். வெண்ணெய் கேக், வாழைப்பழ கேக் எல்லாம் நன்றாகவே வந்தன. சுங்கைப் பட்டாணிவரை கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கியவர்கள் மறுபடி கேட்டார்கள். தாமானில் மெதுவாக அவள் பெயர் அடிபடத் தொடங்கியது.

அப்போதுதான் ஆன்ட்டி தாமாகவே அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ரீத்தா, ஜித்ராவுல ஒரு கல்யாணம். வரவங்களுக்கு டப்பாவுல போட்டுக் குடுக்க சுகி கேக் வேணுமாம். எனக்கு முட்டி வலி, நிக்க முடியல. உன் பேரைச் சொல்லிட்டேன்."

"ஐயோ ஆன்ட்டி, எனக்கு சுகி கேக் செஞ்சு பழக்கமில்ல."

"நான் எதுக்கு இருக்கேன்? என் பிள்ளை மாதிரிலா நீ. உட்காரு, சொல்றேன்."

கன்னத்தைத் தடவினார். கண்ணை மூடினார். கப் கணக்குச் சொன்னார்.

ரீத்தா முதலில் சின்னதாக ஒன்று செய்து பார்த்தாள். காய்ந்துபோய் இருந்தது. ஆன்ட்டி வந்து கிள்ளித் தின்றார். "இதான்! இதேதான்! சூட்டோட சாப்பிட்டா இப்படித்தான் இருக்கும். ஒரு நாள் வெச்சிடு, வெண்ணெய் இறங்கி மெத்துன்னு ஆயிடும். வேணும்னா இன்னும் கால் கப் ரவை சேர்த்துக்கோ, வெட்டுறப்ப உடையாது." சுகி கேக் ஒரு நாள் வைத்தால் பக்குவப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த உண்மையைக் காட்டித்தான் பொய்யைத் தின்னக் கொடுத்தார். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியும் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ரீத்தா தட்டுத்தட்டாகச் செய்து அடுக்கினாள். காலையில் என் காடியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஜித்ரா மண்டபத்துக்குப் போனோம். பின்கட்டில் வைத்துத்தான் வெட்டி டப்பாவில் போடுவதாகத் திட்டம். கத்தி வைத்ததும் முதல் கேக் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. ரீத்தா கத்தியைக் கீழே வைத்தாள். உதிர்ந்ததை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிச் சேர்த்தாள், பிடித்தால் ஒட்டிவிடும் என்பதுபோல. பெண்ணின் அம்மா வந்து ஒரு துண்டை வாயில் போட்டார். ஒரு கடி கடித்தார். காகிதத்தில் துப்பினார்.

"என்னம்மா இது? இதையா விருந்தாளிங்களுக்குக் குடுக்கிறது?"

ரீத்தா அழுதுகொண்டே மிச்சக் கேக்குகளைத் துணியால் மூடப் பார்த்தாள். 

அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி மகனுடைய காடியில் வந்து இறங்கினார். பின்கதவைத் திறந்தால், உள்ளே டப்பா டப்பாவாக சுகி கேக். வெட்டி, அடுக்கி, கல்யாணப் பந்தலின் நிறத்திலேயே ரிப்பன் கட்டி வைத்திருந்தது.

"எதுக்கும் இருக்கட்டும்னு செஞ்சு வெச்சேன். பிள்ளை புதுசு, பயந்துடுவாளேன்னு" என்றார்.

பெண்ணின் அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ரீத்தா அழுதபடியே ஆன்ட்டியின் காலில் விழப் போனாள். அவளைத் தூக்கி நிறுத்தி, ஒரு டப்பாவைப் பிரித்து, ஒரு துண்டை எடுத்து, "அழாதே, ஆ காட்டு" என்றார் ஆன்ட்டி. ரீத்தா வாயைத் திறந்தாள். கண்ணீரும் சளியும் வழிகிற முகத்தில் அந்த விரல்கள் கேக்கைத் திணித்தன. சுற்றி நின்றவர்கள் நெகிழ்ந்துபோய்ப் பார்த்தார்கள். ஆன்ட்டி அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கியதும் கேட்டார்:

"எப்படி?"

"நல்லாருக்கு ஆன்ட்டி" என்றாள் என் தங்கை.

டப்பாக்களை இறக்க மருமகள் உதவிக்கொண்டிருந்தாள். என் பக்கம் வந்தபோது, முகத்தைத் திருப்பாமலேயே சொன்னாள்: "அக்கா, முட்டி வலின்னு வந்தவங்க வந்த நிமிஷத்துல இருந்து ஓவனை விட்டு நகரல. ரிப்பன் எல்லாம் முன்னாடியே வாங்கி வெச்சிருந்தாங்க. என்னை உள்ளயே விடல."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுங்கைப் பட்டாணியில் இறங்கி ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினேன். ரீத்தாவின் கப்பில் ரவையை நிரப்பி, வழித்து, வைத்தேன். நூற்றெழுபது கிராம் காட்டியது. அப்படியென்றால் இருநூற்றைம்பது கிராம் ரவைக்கு ஒன்றரைக் கப் போதும். ஆன்ட்டி சொன்னது ரெண்டு, அதற்கு மேல் கால். பாதாம் தூள் ஒரு முழுக் கப்பே நூறு கிராம்தான் வந்தது. அவர் சொன்னது அரை. வெண்ணெய் ஒரு கப்புக்கும் கொஞ்சம் கூட வேண்டும், அவர் சொன்னது முக்கால். ஈரம் தருவதிலெல்லாம் குறைத்து, உறிஞ்சுவதை மட்டும் கூட்டியிருந்தார். தெரியாமல் செய்த தவறு என்றால் ஒன்றாவது சரியாக வந்திருக்காதா? எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

அடுத்த வாரம் ஆன்ட்டி வீடு திரும்பியதும் நேரே போனேன். வாசலில் கூப்பிட்டும் பதிலில்லை. பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இழுத்த சமையல்கட்டில் மிக்சர் சத்தம் கேட்டது. அங்கே அவர் யாரையும் விட்டதில்லை. எங்களை உட்கார வைத்துப் பாடம் சொன்னதெல்லாம் முன்னால் இருந்த சமையலறையில்தான். நான் உள்ளே நுழைந்தேன்.

மேசை நடுவில் தராசு இருந்தது. நான் வாங்கியதைவிடப் பெரியது, கடைக்காரர்கள் வைத்திருக்கிற ரகம். அதன்மேல் ஒரு கிண்ணத்தில் ரவை. அந்த இடத்தில் தேடினாலும் ஒரு கப் கிடைக்காது.

"திம்பாங் எதுக்குன்னீங்களே ஆன்ட்டி" என்றேன்.

அவர் பதறவில்லை. மிக்சரை நிறுத்தி, கையைத் துண்டில் துடைத்தார்.

"எனக்கு வயசாகுது. கண்ணு தெரியல, அதான்."

"எங்க எல்லாருக்கும் தப்புத் தப்பா மாத்திச் சொன்னீங்க. நிறுத்துப் பார்த்துட்டேன். ரீத்தா கையில ஒண்ணும் கோளாறு இல்ல."

துண்டை மடித்து மேசையில் வைத்தார். பிறகு புன்னகைத்தார். கேக் ஊட்டியபிறகு புன்னகைப்பாரே, அதே புன்னகை.

"நீங்க எல்லாரும் வாசல்ல வந்து நின்னீங்க. நான் யாரையாச்சும் இல்லைன்னு அனுப்புனேனா? சொல்லு. அனுப்புனேனா?"

"அவ புருஷன் படுத்த படுக்கையா கிடக்கார், ஆன்ட்டி. பிள்ளைங்க இருக்கு."

"அதனாலதான் என் பணத்துல சாமான் வாங்கி, டப்பா வாங்கி, அவ மானத்தைக் காப்பாத்துனேன். யாரு செய்வா இந்தக் காலத்துல?" தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். "வெயில்ல வந்திருக்க. இந்தா, ஆ காட்டு."

நான் வெளியே வந்து, வேலியோரம் நின்று, வாயில் ஊறியதைத் துப்பினேன்.

தாமானில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. தங்கைக்காகப் பொறாமையில் பேசுகிறேன் என்றார்கள். பாதி நம்பிய ஒன்றிரண்டு பேரும் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய வீட்டுப் பெண், சின்ன வயதிலேயே கைம்பெண், அவரிடம் இருந்தது அந்த ஒரு கேக்தானே, அதையும் பகிர்ந்துவிட்டால் அவர் யார் என்றார்கள். இருக்கலாம். எத்தனையோ பேரிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவர்களெல்லாம் அடுத்தவள் கையைப் பிடித்து, ஆண்டவர் உன் கையில் ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

ரீத்தாவும் என் கணக்கை நம்பாமல், ஆறு மாதம் ஓவனைத் தொடவில்லை. பேரங்காடியில் கல்லாவுக்கு நின்றாள். நான் தராசையும் ரவையையும் அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்து போனபோது வீடெல்லாம் வெண்ணெய் மணம். மேசையில் ஒரு சுகி கேக். அவள் ஒரு துண்டு வெட்டினாள். உதிரவில்லை. தின்றோம். ஈரமாக உடைந்தது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கத்தியை மேசையில் எறிந்தாள்.

"என் கைதான் சரியில்லன்னு நான் தினமும் ராத்திரி அழுதேன்க்கா. அந்தம்மாவுக்காக ஜெபம்கூட பண்ணேன்."

போன வருஷம் ஆன்ட்டிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மகனும் மருமகளும் வார இறுதியில்தான் வர முடிந்தது. மற்ற நாளெல்லாம் பார்த்துக்கொண்டது செல்வி அக்கா. கஞ்சி ஊட்டினாள், துணி மாற்றினாள், மலம் துடைத்தாள். கூலி எதுவும் வாங்கவில்லை. கடைசி வாரத்தில், குழறிய வாயால், உனக்கு மட்டும் உண்மையான அளவைத் தருகிறேன் என்று ஆன்ட்டி அவளிடம் சொன்னாராம். செல்வி அக்கா அதை என்னிடம் வந்து சொல்லும்போது கண்கலங்கினாள்.

ஆன்ட்டி இறந்த முப்பதாம் நாள் பூசையில் பாதிரியார், "கேட்டவர்களுக்கெல்லாம் மறைக்காமல் கொடுத்தவர்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ரீத்தா. வரமாட்டேன் என்றவளை நான்தான் இழுத்து வந்திருந்தேன்.

பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர். செல்வி அக்கா இந்து, ஆனாலும் ஆன்ட்டியின் நினைவாகச் சுகி கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். அந்த உண்மையான அளவில் செய்தது. ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். வாயில் போட்டேன். மணல். வெண்ணெய் வாசம் தடவிய மணல். செத்துக்கொண்டிருந்தவர், தம் மலத்தைத் துடைத்த கைக்கு இதைத்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் காகிதத்தை எடுத்து அதில் துப்பினேன்.

மற்றவர்கள் மென்று விழுங்கினார்கள். "என்ன இருந்தாலும் அவங்க கை மாதிரி வருமா" என்றார் ஒருவர்.

செல்வி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "அவங்க சொன்னபடியேதான் போட்டேன். எனக்குக் கை ராசியே இல்லை."

ரீத்தா எழுந்து அவளிடம் போனாள். "அக்கா, எவ்வளவு ரவை போடச் சொன்னாங்க?"

"ரெண்டரை கப்பு."

"அது தப்புக்கா. எல்லாருக்கும் தப்பாதான் சொன்னாங்க. எனக்கும், எங்கக்காவுக்கும், அவங்க சொந்த மருமகளுக்கும். உங்க கையில ஒரு குறையும் இல்ல."

செல்வி அக்கா தட்டைச் சத்தத்தோடு மேசையில் வைத்தாள். "செத்துப் போனவங்களைப் பத்தி அப்படிப் பேசாதம்மா. அதுவும் கோவில்ல வெச்சு. அந்த மனுஷி சாகிற நேரத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னது. எனக்குத் தெரியாதா?"

சுற்றி இருந்தவர்கள் எங்களை முறைத்தார்கள். ரீத்தா வந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். நாங்கள் வெளியே வந்து காடிக் கதவைத் திறந்தோம்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. செல்வி அக்கா வேகமாக வந்துகொண்டிருந்தாள். மண்டபத்துக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரவை எத்தனை கிராம்னு சொல்லு."

"இருநூத்தம்பதுக்கா. கப்பு வேணாம். வீட்டுக்கு வாங்க, என்னோட தராசுலயே நிறுத்துக் காட்டுறேன்" என்றாள் ரீத்தா.